தி ஹாண்டிங்: திகில் ஆட்டப்பிரதி ஒன்றை மேசையில் நடத்துதல் – ஒரு மதிப்பீடு

'தி ஹாண்டிங்' என்பது 'கால் ஆஃப் கதுலு' என்னும் பாத்திரமேற்பு விளையாட்டுக்காக எழுதப்பட்ட சிறிய திகில் ஆட்டப்பிரதி. அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட முதல் விதிநூலிலேயே, 'பேய் வீடு' என்று பொருள்படும் தலைப்பில் இது இடம்பெற்றது. பின்வந்த பதிப்புகளில் இப்போதைய பெயரைப் பெற்றது. ஏழாம் பதிப்புக்கான இலவச அறிமுக நூலிலும் இதுவே சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே உலகெங்கும் இவ்விளையாட்டுக்குள் புதிதாக நுழையும் பலருக்கு இதுவே முதல் கதை.

ஆட்டப்பிரதியை இலக்கியமாகப் படித்து மதிப்பிடலாம். நடத்திப் பார்த்தும் மதிப்பிடலாம். இக்கட்டுரை இரண்டாம் வழியைப் பின்பற்றுகிறது. வாசிக்கும்போது அச்சமூட்டும் பிரதி, நடத்தும்போது ஏன் சில வேளைகளில் வெறும் சிரிப்பில் முடிகிறது, வேறு சில வேளைகளில் ஏன் உண்மையாகவே ஒருவரைப் புண்படுத்திவிடுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. கதை முடிவு வரை பேசப்படுவதால், ஆட்டக்காரராக இதில் கலந்துகொள்ள விரும்புவோர் விளையாடி முடித்தபின் படிப்பது நல்லது.

விளையாட்டின் அமைப்பு

மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் முதலில் வணிக முறையில் வெளிவந்தது, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்பர். நடத்துபவர் சூழலைச் சொல்வார். ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை உருட்டப்படும்.

'கால் ஆஃப் கதுலு' விளையாட்டை வடிவமைத்தவர் சாண்டி பீட்டர்சன். எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) எழுதிய திகில் கதைகளின் உலகம் இதற்கு அடிப்படை. இங்கு ஆட்டக்காரர்கள் வீரர்கள் அல்லர். பேராசிரியர், நிருபர், மருத்துவர், தனியார் துப்பறிவாளர் போன்ற சாதாரண மனிதர்கள். ஆட்டத்தை நடத்துபவருக்குக் கீப்பர் என்று பெயர். நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டி அந்த எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழுந்தால் முயற்சி வெற்றி.

இவ்விளையாட்டின் தனித்தன்மை 'மனத்தெளிவு' என்ற அளவு. கொடுமையான காட்சியைக் காணும்போது அது குறைகிறது. ஒரே அதிர்ச்சியில் ஐந்து புள்ளிகளோ அதற்கு மேலோ இழந்தால் அந்தக் கதைமாந்தர் தற்காலிகமாக நிலைகுலையும் வாய்ப்பு உண்டு. காட்சியின் பொருள் அவருக்குப் புரிந்துவிட்டதா என்று அறிவுத்திறனை வைத்துப் பகடை உருட்டப்படும், புரிந்தால்தான் கலக்கம். புரிதலே ஆபத்து என்னும் இந்த விதி லவ்கிராஃப்டின் கதையுலகை மிகச் சரியாகப் பிடித்துக்கொண்ட ஒன்று.

கதைச் சுருக்கம்

கதை 1920களின் பாஸ்டன் நகரில் நடக்கிறது. நாட் என்ற வீட்டு உரிமையாளர் துப்பறிவாளர்களை அணுகுகிறார். அவருடைய பழைய வீட்டில் குடியிருந்த மக்காரியோ குடும்பத்துக்குப் பெரும் துன்பம் நேர்ந்தது. கணவனும் மனைவியும் மனநலக் காப்பகத்தில் இருக்கின்றனர். வீட்டைப் பற்றிப் பரவும் பேச்சால் வேறு யாரும் வாடகைக்கு வருவதில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்தால் பணம் தருவதாக நாட் சொல்கிறார்.

துப்பறிவாளர்கள் நாளிதழ் அலுவலகம், நூலகம், ஆவணக் காப்பகம், காப்பகத்திலுள்ள தம்பதி என்று பல இடங்களுக்குச் செல்லலாம். அந்த வீட்டில் முன்பு வால்டர் கார்பிட் என்பவர் வாழ்ந்தார் என்பது தெரியவரும். அவரை வெளியேற்றக் கோரி 1852இல் அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 1866இல் அவர் இறந்தார். தன் உடலை வீட்டு நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அவரோடு தொடர்புடைய ஒரு மறைவான சமயக் குழுவின் ஆலயம் பின்னாளில், 1912இல், காவல்துறை நடவடிக்கையால் மூடப்பட்டது.

வீட்டுக்குள் ஒலிகள் கேட்கின்றன. மாடி அறையில் கட்டில் தானே நகர்ந்து ஆளைச் சன்னல் வழியே தள்ளுகிறது. நிலவறையில் ஒரு கத்தி காற்றில் மிதந்து தாக்குகிறது. சுவருக்குப் பின்னால் கார்பிட் கிடக்கிறார். இறந்தும் இறவாத நிலை. அவரை எதிர்கொள்வதே கதையின் முடிவு.

பிரதியின் வலிமைகள்

முதல் வலிமை அளவு. ஒரே வீடு, ஒரே எதிரி, விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்கள். நான்கைந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம். புதிதாக நடத்துபவர் தலையில் வைத்துக்கொள்ள முடிந்த அளவே செய்தி இருக்கிறது.

இரண்டாம் வலிமை, செய்திகளைப் பகிர்ந்து வைத்துள்ள முறை. நூலகத்தில் கிடைப்பது வழக்கு பற்றிய குறிப்பு. வேறோர் இடத்தில் கிடைப்பது உயில் பற்றிய செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஆட்டக்காரர் வேலை. "அப்படியானால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறானா?" என்று மேசையில் ஒருவர் தாமாகவே கேட்கும் கணம்தான் இக்கதையின் உச்சம் என்பேன். கீப்பர் அதைச் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். ஆட்டக்காரர் கண்டுபிடித்ததால் அது அச்சம். நல்ல கணக்கு ஆசிரியர் விடையைக் கரும்பலகையில் எழுதாமல் கடைசிப் படியை மாணவருக்கு விட்டுவைப்பார். இங்கும் அதே முறை.

மூன்றாம் வலிமை எதிரியின் அமைப்பு. கார்பிட் நிலவறையில் கிடந்தபடியே வீட்டை இயக்குகிறார். ஒவ்வொரு செயலுக்கும் தன் மந்திர ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகிறார். ஆகவே கீப்பர் நினைத்தபோதெல்லாம் பேயை ஏவ முடியாது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு செலவிடுவது என்று எதிரியின் பக்கமிருந்தும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இதனால் வீட்டில் நடப்பவை தாறுமாறாக இல்லாமல், யாரோ ஒருவர் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வைத் தருகின்றன.

வாசிப்பில் அச்சம், மேசையில் சிரிப்பு

இப்பிரதியை நான் மூன்று முறை நடத்தியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் என் மகளும் அவள் தோழர்களும்தான் இவ்விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பழகியதால் இது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் முறை அப்படி இல்லை.

நாட் சாவியைக் கொடுத்த உடனேயே ஆட்டக்காரர்கள் நேராக வீட்டுக்குப் போய்விட்டனர். நூலகத்துக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்ற வேண்டும்? வீடு இருக்கிறது, சாவி இருக்கிறது, கையில் துப்பாக்கி இருக்கிறது. மாடியில் கட்டில் நகர்ந்து ஒருவரைச் சன்னலுக்கு வெளியே தள்ளியபோது அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. கார்பிட் யார் என்றே தெரியாத நிலையில் நகரும் கட்டில் ஒரு வேடிக்கைதான். அவர் 1866இல் இறந்தவர், உயிலின்படி இந்த வீட்டுக்கு அடியிலேயே புதைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு அதே கட்டில் நகர்ந்தால் யாரும் சிரிப்பதில்லை. இரண்டாம் முறை அதை நேரில் கண்டேன்.

இங்கே பிரதியின் முதன்மையான குறை தெரிகிறது. அது அச்சத்தை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரிசையில்தான் ஆட்டக்காரர் வருவார் என்பதற்கு உறுதி எதையும் செய்து வைக்கவில்லை. முன்னதாக விசாரிப்பது நல்லது என்ற குறிப்பு உண்டு. விசாரிக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்குப் போதிய வழிகாட்டல் இல்லை. புதியவர்களுக்கான பிரதி என்பதால் இக்குறை பெரிதாகிறது. பழகிய கீப்பர் ஒரு வழி கண்டுபிடிப்பார். புதியவர், தான் சரியாக நடத்தவில்லை என்று எண்ணி விளையாட்டையே கைவிடக்கூடும்.

இரண்டாம் முறை நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. நாட் அன்று சாவியைக் கொடுக்கவில்லை. அது தன் வழக்கறிஞரிடம் இருப்பதாகவும் மறுநாள் காலையில்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். நடுவில் ஒரு பகல்பொழுது காலியாகக் கிடந்தது. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார்கள்.

துப்பும் பகடையும்

இரண்டாவது குறை, துப்புகளைப் பகடைக்குக் கட்டிப்போட்டிருப்பது. நூலகத்தில் பழைய ஆவணத்தைக் கண்டுபிடிக்க, நூலகத் திறனுக்கான பகடை வெல்ல வேண்டும். தோற்றால் உயில் பற்றிய செய்தி கிடைக்காது. கதை முன்னேறத் தேவையான செய்தியே தற்செயலின் கையில் விடப்படுகிறது.

இச்சிக்கல் இந்த ஒரு பிரதிக்கு மட்டும் உரியதன்று. துப்பறியும் ஆட்டங்கள் அனைத்திலும் பல்லாண்டுகள் பேசப்பட்டது. ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ முறை இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. அம்முறையில் கென்னத் ஹைட் எழுதி 2008இல் வெளிவந்த 'டிரெயில் ஆஃப் கதுலு' விளையாட்டில், உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் முதன்மைத் துப்பு பகடையின்றியே கிடைத்துவிடும். துப்பைப் பெறுவது கதையன்று, பெற்ற துப்பை என்ன செய்கிறோம் என்பதே கதை என்பது அதன் கொள்கை. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் முன்வைத்த 'மூன்று துப்பு விதி' வேறொரு வழி: ஆட்டக்காரர் அடைய வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வைத்திருக்க வேண்டும்.

2014இல் வந்த ஏழாம் பதிப்பு 'மறுமுயற்சி' என்ற விதியைக் கொண்டுவந்தது. தோற்ற ஆட்டக்காரர், தான் வேறு எவ்வாறு முயல்கிறார் என்று விளக்கி மீண்டும் ஒருமுறை உருட்டலாம். அதிலும் தோற்றால் விளைவு கடுமையாக இருக்கும். இவ்விதி பழைய பிரதியின் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. நூலகத்தில் மறுமுயற்சியும் தோற்றால், ஆவணம் கிடைக்கட்டும். ஆனால் அதைப் படித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது என்று சொல்லலாம். தோல்வி கதவை மூடக் கூடாது. கதவுக்கு அப்பால் இருப்பதன் விலையை அது உயர்த்தலாம்.

நிலவறைக் காட்சி

மூன்றாவது குறை முடிவில் உள்ளது. கார்பிட் எழுந்தவுடன் ஆட்டம் சண்டை விதிகளுக்குள் போகிறது. யார் முதலில் தாக்குவது, குண்டு எவ்வளவு சேதம் செய்தது, அவருடைய மந்திரக் காப்பு எவ்வளவைத் தடுத்தது என்று எண்கள் பேசத் தொடங்குகின்றன. மூன்று மணி நேரம் சேர்த்துவைத்த அச்சம் பத்து நிமிடக் கூட்டல் கழித்தலில் கரைந்துபோகிறது.

பிரதியிலேயே இதற்கு ஒரு மருந்து ஒளிந்திருக்கிறது. காற்றில் மிதந்து தாக்கும் கத்தி, கார்பிட்டுக்கு எதிராகவும் பயன்படுத்தத்தக்க ஆயுதம். அவரை வெல்லும் வழி துப்பாக்கியில் இல்லை, அவருடைய உடைமையிலேயே இருக்கிறது என்பது நல்ல கற்பனை. ஆனால் இதை ஆட்டக்காரர் ஊகிப்பதற்கான முன்னறிகுறி போதாது. நான் நடத்தியபோது, மக்காரியோ தம்பதியைச் சந்திக்கும் இடத்தில் அந்தக் கத்தியைப் பற்றிய ஒரு சொல்லைச் சேர்த்தேன். அதனால் நிலவறையில் ஓர் ஆட்டக்காரர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியைப் பிடிக்கத் துணிந்தார். அந்தச் சண்டை நான்கே சுற்றுகளில் முடிந்தது. எண்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அவர் கையை நீட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

மனத்தெளிவு என்னும் எண்

மூன்றாம் முறை நடத்தியபோது நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

துப்பறிவாளர்கள் மனநலக் காப்பகத்துக்குச் சென்றிருந்தனர். மக்காரியோவின் குழப்பமான பேச்சை நான் நடித்துக் காட்டினேன். குரலை ஏற்றி இறக்கி, சொற்களைச் சிதைத்துப் பேசினேன். மேசை அமைதியானது. அச்சம் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: ஓர் ஆட்டக்காரர் அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேநீருக்கு எழுந்தபோது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "சார், எங்க வீட்டுல ஒருத்தர் இப்படித்தான் சிகிச்சையில இருக்காங்க." வருத்தம் தெரிவித்தேன். அவர் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் எனக்குக் குற்றவுணர்வு போகவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும் என்று இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பிரதியில் இந்தக் காட்சி ஒரு துப்பு பெறும் இடம், அவ்வளவே. காப்பகத்தில் இருப்போரின் துன்பத்தை இழிவுபடுத்தும் நோக்கம் அதற்கு இல்லை. ஆனால் மனநோயை அச்சத்துக்கான திரைச்சீலையாகப் பயன்படுத்தும் பழைய வழக்கம் இந்த வகை எழுத்தில் ஆழமாக வேரோடியது. மனத்தெளிவைப் புள்ளிகளாக எண்ணும் விதி அதற்கு மேலும் இடம்தருகிறது. "உன் கதைமாந்தருக்குப் பித்துப் பிடித்துவிட்டது" என்று கீப்பர் சொன்னதும் ஆட்டக்காரர் கோமாளித்தனமாக நடிக்கத் தொடங்குவது பல மேசைகளில் நடக்கும் ஒன்று. அங்கே அச்சமும் போகிறது, மனிதரும் போகிறார்.

விதியைக் கைவிடத் தேவையில்லை. விதி சொல்லும் இழப்பை வேறு சொற்களில் விவரித்தால் போதும். பித்து என்ற சொல்லே வராமல், "உன் கை நடுங்குகிறது, விளக்கைப் பிடிக்க முடியவில்லை, வெளியே வந்தபின் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாய் என்று உனக்கு நினைவில்லை" என்று சொல்லலாம். அதிர்ச்சிக்கு உள்ளான யாருக்கும் நேரக்கூடியது இது. ஆட்டக்காரர் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

பாத்திரமேற்பு விளையாடுவோர் இதற்கெனச் சில நடைமுறைகளை வகுத்துள்ளனர். ரான் எட்வர்ட்ஸ் 2003இல் எழுதிய நூலொன்றில் முன்வைத்த 'கோடுகளும் திரைகளும்' அவற்றுள் ஒன்று. கோடு என்பது கதைக்குள் வரவே கூடாத பொருள். திரை என்பது வரலாம், ஆனால் விவரிக்காமல் கடந்துபோக வேண்டிய பொருள். ஆட்டம் தொடங்குமுன் இவற்றைக் குழு பேசி முடிவு செய்கிறது. ஜான் ஸ்டாவ்ரொபொலஸ் உருவாக்கிய 'எக்ஸ் அட்டை' இன்னொன்று. மேசை நடுவில் பெருக்கல் குறி இட்ட அட்டை ஒன்று இருக்கும். யாருக்கேனும் காட்சி தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, காட்சி மாற்றப்படும்.

இவை திகிலைக் குறைத்துவிடும் என்று சிலர் கருதுவர். என் அனுபவம் வேறு. எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்தவர்கள் இன்னும் சற்று ஆழத்துக்கு வரத் துணிகிறார்கள்.

குடியேறிகளும் பழைய வீடும்

லவ்கிராஃப்டின் இனவெறி அவருடைய கடிதங்களிலும் கதைகளிலும் வெளிப்படையாக உள்ளது. 1927இல் அச்சான 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' கதையில், நியூயார்க்கின் குடியேறிகள் வாழும் பகுதியே அச்சத்தின் ஊற்றாகக் காட்டப்படுகிறது. அவர் உலகை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டை மதிப்பிடும்போது இதைக் கடந்து செல்ல முடியாது.

'தி ஹாண்டிங்' இந்த இடத்தில் மூலத்தைத் தலைகீழாக்குகிறது. மக்காரியோ என்பது இத்தாலியப் பெயர். புதிதாக வந்து வாடகைக்குக் குடியேறிய குடும்பம் இங்கே பலியாகிறது. தீமை, நகரில் பல்லாண்டுகளாக வேரூன்றிய பழைய வீட்டுக்காரரிடமிருந்து வருகிறது. தன் சொத்தை இறந்தபின்னும் விட்டுக்கொடுக்காதவர் கார்பிட். வீட்டை மீண்டும் வாடகைக்கு விட வேண்டும் என்ற கவலையால் துப்பறிவாளர்களை அமர்த்துகிறார் நாட். முன்பு குடியிருந்தவர்களின் நலம் அவருக்கு இரண்டாம்பட்சம். இதை ஆசிரியர் திட்டமிட்டு எழுதினாரா என்பது முக்கியமில்லை. கீப்பர் கவனித்தால் கதைக்கு இன்னொரு கனம் கிடைக்கிறது. என் மேசையில் ஒருவர் முடிவில் நாட்டிடம் கேட்டார்: "அந்தக் குடும்பத்தின் மருத்துவச் செலவை யார் தருவது?" பிரதியில் விடை இல்லை. அந்தக் கேள்வியோடு ஆட்டம் முடிந்தது நன்றாகவே இருந்தது.

ராவென்லாஃப்டுடன் ஓர் ஒப்பீடு

டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக எழுதி 1983இல் வெளிவந்த 'ராவென்லாஃப்ட்' இதே காலத்தின் மற்றொரு புகழ்பெற்ற திகில் பிரதி. அதன் எதிரி ஸ்ட்ராட் என்ற இரத்தக்காட்டேரிப் பிரபு. தம்பிக்கு மணம் பேசிய பெண்ணின்மேல் கொண்ட ஆசையால் தம்பியையே கொன்றவன். அவன் ஓரிடத்தில் காத்திருப்பதில்லை. கோட்டைக்குள் நடமாடுகிறான், ஆட்டக்காரரைத் தேடி வருகிறான், பேசுகிறான்.

அப்பிரதியின் சிறந்த உத்தி சீட்டுக் குறி பார்க்கும் காட்சி. ஆட்டக்காரர்கள் முன்னிலையில் சீட்டுகள் எடுக்கப்படும். முதன்மைப் பொருள்கள் கோட்டையில் எங்கே உள்ளன என்பதை அச்சீட்டுகளே முடிவு செய்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் கதை மாறும். அதோடு, தங்கள் விதி தங்கள் கண்முன்னே எழுதப்பட்டதாக ஆட்டக்காரர் உணர்வர்.

'தி ஹாண்டிங்' பிரதியில் இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. கார்பிட்டுக்கு ஸ்ட்ராடைப் போல மனத்தில் நிற்கும் சோகக்கதையும் இல்லை. ஆனால் ராவென்லாஃப்டுக்கும் தன் சுமை உண்டு. அதில் வரும் நாடோடி மக்களின் சித்திரிப்பு, ரோமானி மக்களைப் பற்றிய பழைய இழிவான எண்ணங்களை எதிரொலிக்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. அக்கதையை விரித்து 2016இல் வெளியிட்ட 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' நூலில் அச்சித்திரிப்பைத் திருத்துவதாகப் பதிப்பாளர்கள் 2020இல் அறிவித்தனர். அச்சில் வந்த பிரதியும் திருத்தத்துக்கு உரியதே என்பதற்கு இது சான்று.

புதிதாக நடத்துவோருக்கு

பிரதியை இருமுறை படிக்கவும். முதலில் கதையாக, அடுத்து, எந்தச் செய்தி எங்கே கிடைக்கிறது என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டே. ஆட்டத்தின்போது அந்தத் தாள் மட்டும் கையில் இருந்தால் போதும்.

சாவியைத் தாமதப்படுத்தவும். விசாரணைக்கு ஒரு பகல் கிடைக்க வேண்டும்.

நாளிதழ்த் துணுக்கு, உயில் போன்றவற்றைத் தனித்தாளில் எழுதி ஆட்டக்காரர் கையில் கொடுக்கவும். காதால் கேட்டதை மறப்பார்கள். கையில் பிடித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

வீட்டில் முதல் அரைமணி நேரம் எதுவும் தாக்க வேண்டாம். ஓர் ஒலி, மூடியிருந்த கதவு திறந்திருப்பது, இவை போதும். கட்டில் காட்சியை, வீட்டைப் பற்றிய செய்திகள் மேசைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளவும்.

முதன்மைத் துப்பு எதையும் ஒரே ஒரு பகடையில் தொங்கவிட வேண்டாம்.

தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, எது வேண்டாம் என்று கேட்கவும். கூட்டத்தில் கேட்டால் பலர் சொல்லமாட்டார்கள். நடுவில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால், அதை உங்கள் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தேநீர் இடைவேளை விடவும்.

மதிப்பீடு

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'தி ஹாண்டிங்' விளையாடப்படுவதற்கு அதன் கட்டுக்கோப்பே காரணம். சிறிய இடத்துக்குள் நீண்ட கடந்த காலத்தை அடைத்து வைத்து, அதை ஆட்டக்காரரே தோண்டியெடுக்கும்படி விட்டிருக்கிறது. விசாரணையைத் தவிர்த்துவிடக் கூடிய அமைப்பு, பகடைக்குக் கட்டுண்ட துப்புகள், சண்டையாகச் சுருங்கும் முடிவு ஆகியவை அதன் குறைகள். மூன்றையும் சிறு மாற்றங்களால் சரிசெய்ய முடியும்.

சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. அது இப்பிரதியின் குறையும் அன்று. எந்த அறையில் எது இருக்கிறது, கார்பிட்டால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதைப் பிரதி முழுமையாக அறியும். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நான்கைந்து பேரை அது அறியாது. பாடநூலும் அப்படித்தான், அதை எழுதியவர் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. அந்தப் பகுதியைக் கீப்பர்தான் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். அப்படித் தயாரித்து வருபவர் கையில் இது இன்றும் ஒரு மாலைப்பொழுதை மறக்க முடியாததாக்கும் நல்ல பிரதி. அடுத்த முறை நடத்தும்போது காப்பகக் காட்சியை நீக்கப்போவதில்லை. மக்காரியோவின் மனைவியைத் தெளிவாகப் பேச வைக்கப்போகிறேன். தன் குழந்தைகள் நலமா என்று அவர் முதலில் கேட்பார். துப்பு அதன்பின் வரும்.